யார் இந்த ஃபேனி ஃபார்மர்? பிரவுனியின் 'அரை கப்' கணக்கு வந்தது எப்படி?

வீட்டில் பிரவுனி செய்ய ரெசிபி தேடினால், ஒரு கப் சர்க்கரை, அரை கப் மைதா என்றுதான் ஆரம்பிக்கும். இந்தக் கப் கணக்கைப் பிடிவாதமாகப் பரப்பியவர் அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர்.

1857-ல் பாஸ்டனில் பிறந்தவர். 16 வயதில் பக்கவாதம் மாதிரியான நோய் தாக்கி, பல ஆண்டுகள் நடக்க முடியவில்லை. படிப்பும் நின்றது. 30 வயதை ஒட்டித்தான் பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அதற்கே முதல்வர்!

அந்தக் காலக் குறிப்புகளில் முட்டை அளவு வெண்ணெய், ஒரு டீ கப் மாவு என்றெல்லாம் இருக்கும். யார் வீட்டு டீ கப்? குழம்பு என்றால் சமாளிச்சுடலாம், கேக்கில் நடக்காது. அளவு கப்பில் மாவை நிரப்பி, மேலே கத்தியால் வழித்துவிடச் சொன்னார் ஃபார்மர்.

1896-ல் இதையெல்லாம் புத்தகமாக்கப் போனபோது பதிப்பகத்துக்கு நம்பிக்கை இல்லை. முதல் 3,000 பிரதிகளின் செலவு அவர் தலையில். ரிஸ்க் எடுத்தார், பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. புத்தகம் சக்கைப்போடு போட்டது, லாபமும் அவருக்கே.

அதிலிருந்த பிரவுனியில் சாக்லேட்டே இல்லை, மொலாசஸ் எனும் கரும்புப் பாகுதான். 1906 பதிப்பில்தான் சாக்லேட் வந்தது: உருக்கிய சாக்லேட் 2 கட்டி, சர்க்கரை 1 கப், மைதா அரை கப், உருக்கிய வெண்ணெய் கால் கப், 1 முட்டை, வால்நட். மைதாவைவிட இரு மடங்கு சர்க்கரை, பேக்கிங் பவுடர் கிடையாது. கேக் மாதிரி உப்பாமல் ஈரமா, கெட்டியா வருவது அதனால்தான். (சாக்லேட் பிரவுனி அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஓரிரு ஆண்டு முன்பே வேறு புத்தகங்களில் வந்துவிட்டது.)

கடைசிக் காலத்தில் மறுபடியும் நடக்க முடியாமல் போனது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வகுப்பெடுத்தார், 1915-ல் இறப்பதற்குச் சுமார் 10 நாள் முன்பு வரை.