கடல் கடந்த தேசபக்தர் கலாநிதி ஆனந்த குமாரசுவாமி

பாரத விடுதலைக்காகச் சிறை சென்றோரையும் தூக்குமேடை ஏறினோரையும் நாம் நன்கறிவோம். அமெரிக்க நாட்டில் வாழ்ந்துகொண்டே அவ்விடுதலைக்கு உழைத்தோரை நம்மில் அறிந்தவர் சிலரே. அவர்களுள் யாழ்ப்பாணத்து வழித்தோன்றலாகிய கலாநிதி ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர்.

வடமராட்சிக் கெருடாவிலிலிருந்து கொழும்பு சென்று முதலியார் பதவி பெற்ற குமாரசுவாமியின் பேரர் இவர். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெருமாட்டி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். 1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்திலே தாயாரால் வளர்க்கப்பட்டார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பணிப்பாளராக விளங்கினார். கல்லும் மண்ணும் தேடிக் கிராமங்கள்தோறும் சென்றவர், அங்கே நலிந்து கிடந்த கைவினைஞரைக் கண்டார்; மேல்நாட்டு மோகத்தால் தம் மொழியையும் உடையையும் இகழ்ந்த கற்றோரையும் கண்டார். அக்காட்சி அவர் வாழ்வைத் திருப்பியது. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தினார். அந்நியன் அகன்றாலும் அவனுடைய மோகம் அகலாதாயின் அது விடுதலையாகாது என்பதே அவர் கொள்கை. 1909இல் வெளிவந்த தேசிய இலட்சியம் பற்றிய அவருடைய கட்டுரைத் தொகுதி இக்கருத்தையே விளக்கியது.

பின்னர் இந்தியா சென்று, கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு பழகிச் சுதேசிய இயக்கத்தில் ஈடுபட்டார். தாம் அரிதிற் சேர்த்த ஓவியங்களையும் சிற்பங்களையும் நாட்டுக்கு ஈந்து, காசியில் தேசிய நூதனசாலை ஒன்று அமைக்க விரும்பினார். அதற்கு வேண்டிய ஆதரவு கிட்டவில்லை. அப்பெருஞ் செல்வம் ஈற்றில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நூதனசாலையைச் சேர்ந்தது. நம்மவர் போற்றத் தவறியதைப் பிறர் போற்றினர்.

முதல் உலகப் போரில், இந்தியாவை அடிமைப்படுத்திய பேரரசுக்காகப் போர்புரிய அவர் உடன்படவில்லை. 1917இல் அமெரிக்கா சென்று, அந்நூதனசாலையின் இந்தியக் கலைப் பகுதிக்குப் பொறுப்பாளரானார்.

அக்காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலே வயல்களிலும் மர ஆலைகளிலும் உழைத்த பஞ்சாபியர் பலர், லாலா ஹரதயாள் முதலியோருடன் சேர்ந்து 1913இல் கதர் கட்சியைத் தோற்றுவித்திருந்தனர். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கட்சிக்கு வழங்கினர். தாயகம் திரும்பிப் போராடி உயிர் துறந்தோரும் பலர். குமாரசுவாமி சென்ற அதே 1917இலேதான் சான் பிரான்சிஸ்கோவில் அக்கட்சியினர்மீது வழக்குத் தொடங்கியது. இந்தியர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டே பிறந்தது. 1923இல் இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கதர் வீரர் ஆயுதம் ஏந்தினர். குமாரசுவாமி எழுதுகோல் ஏந்தினார். தகுதியற்றோர் என்று இகழப்பட்ட மக்களின் சிற்பத்தையும் தத்துவத்தையும் அந்நாட்டார் வியந்து கற்கச் செய்தார். 1918இல் வெளிவந்த அவருடைய சிவ நடன நூல், தில்லைக் கூத்தின் உட்பொருளை மேல்நாட்டார்க்கு உணர்த்தியது. இந்திய விடுதலைக்கென அமெரிக்காவில் இயங்கிய தேசியக் குழுவின் தலைமையையும் அவர் ஏற்றார். அங்குள்ள இந்தியரின் இடையறா முயற்சியால் 1946இல் குடியுரிமைத் தடையும் நீங்கிற்று.

1947 ஆகஸ்ட் 15இல் பாரதம் விடுதலை பெற்றது. அடுத்த வாரம் எழுபது வயது நிறைந்த அப்பெரியார், தாயகம் திரும்பி இமயச் சாரலில் தவவாழ்வு வாழ எண்ணினார். எண்ணம் நிறைவேறவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் நீடம் என்னும் ஊரிலே இறைவனடி சேர்ந்தார். இலங்கையின் சுதந்திரத்தை, ஐந்து மாதம் முந்தியதால், அவர் காணவில்லை.

இன்று நம் இளைஞருட் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். சென்றவிடத்தில் நன்றாக வாழ்வது குற்றமன்று. குமாரசுவாமி முப்பதாண்டு அந்நிய மண்ணில் வாழ்ந்தும் அந்நியராகவில்லை. இங்கேயே வாழ்ந்துகொண்டு, தாய்மொழியையும் முன்னோர் கலையையும் துறந்து அந்நியராவோரும் உளர். எங்கிருப்பினும் நாம் யார் என்பதை மறவாதிருத்தலே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.