பிராங்க்ளின் தேடிய முன்னோர்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் பட்டம், மின்னல், இடிதாங்கி என்றே எல்லாரும் சொல்வர். என் நெஞ்சில் நிற்பவரோ, மகனுடன் முன்னோரின் கல்லறைகளைத் தேடிச் சென்ற பிராங்க்ளின்.

1706-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர் அவர். மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்ற தந்தை ஜோசையா, இங்கிலாந்தின் எக்டன் என்னும் சிற்றூரில் பிறந்து கடல் கடந்து வந்தவர். அவருக்குப் பிள்ளைகள் பதினேழு பேர். ஆண்களில் கடைக்குட்டி பெஞ்சமின். அச்சுக்கூடத்தில் தொடங்கி அவர் அடைந்த புகழை நான் இங்கு விரிக்கப் போவதில்லை.

1758-இல் மகன் வில்லியத்துடன் எக்டன் சென்றார். தேவாலயப் பதிவேடு 1555 முதல் இருந்தது. ஐந்து தலைமுறையாகக் கடைசி மகனுக்குக் கடைசி மகனாக வந்தவர் தாம் என்பதை அதில் கண்டு மகிழ்ந்தார். முப்பது ஏக்கர் நிலமும் கொல்லுத் தொழிலுமாக வாழ்ந்த குடும்பம் அது. பெரியப்பா தாமஸ் இறந்த அதே தேதியில், சரியாக நான்காண்டு கழித்துப் பிராங்க்ளின் பிறந்திருந்தார். இடையில் அந்த நான்காண்டு இல்லையென்றால் மறுபிறவி என்றே எண்ணலாம் என வியந்தார் வில்லியம். நம்மூர்ப் பாட்டிமார்களுக்கு இந்த நான்காண்டு ஒரு தடையாகவே தோன்றாது!

கல்லறைகளைப் பாசி மூடியிருந்தது. தேய்த்துக் கழுவியவர் பீட்டர், பிராங்க்ளினின் அடிமை. எழுத்துகளைப் படியெடுத்தவர் வில்லியம். பீட்டரின் முன்னோரை அங்கே யார் நினைத்தார்கள்? பிராங்க்ளின் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானது 1787-இல்தான்.

1771-இல் தன் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, இந்தக் குலவரலாற்றை மகனுக்குச் சொல்வதாகவே தொடங்கினார். இருநூறாண்டு பின்னோக்கிப் போனவர், வில்லியத்தைப் பெற்ற தாய் யாரென்று மட்டும் வெளியிடவேயில்லை. எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

பிறகு விடுதலைப் போர் வந்தது. நியூ ஜெர்சி ஆளுநரான வில்லியம் மன்னர் பக்கம் நின்றார், 1776-இல் கைதானார். சிறையிலிருக்கும்போதே மனைவியை இழந்தார். 1784-இல் சமாதானம் வேண்டித் தந்தைக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு சவுத்தாம்ப்டனில் இருவரும் சந்தித்தனர். கணக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டு பிரிந்தனர். உயிலிலும் மகனுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 1790-இல் பிராங்க்ளின் மறைந்தார்.

இன்று அவர் வழிவந்தோம் என்று நிறுவ முற்படுவோர் மகள் சாராவின் பேச் குடும்பத்தையே பெரும்பாலும் நாடுகின்றனர். தன்வரலாற்றை 1818-இல் அச்சிட்டவரோ வில்லியத்தின் மகன் டெம்பிள். அப்போது வில்லியம் உயிருடன் இல்லை. நூலின் முதல் பக்கம் அவரை விளித்தே தொடங்குகிறது.