குருதியின் இனிமையை அளந்தவர்

என் தந்தையார் நீரிழிவு நோயால் வருந்தியவர். நாள்தோறும் காலையிலே பெனடிக்ட் கரைசலில் அவருடைய சிறுநீர்த் துளிகள் சிலவற்றை இட்டுக் கொதிக்கவைத்து, நீல நிறம் பச்சையாகின்றதா, செங்கல் நிறமாகின்றதா என்று நோக்குவது சிறுவனாகிய என் கடமை. குருதியில் மிகுந்த சர்க்கரை சிறுநீரில் வழிந்த பின்னரே அச்சோதனைக்குழாய் செய்தி கூறும். வெள்ளம் வீட்டினுள் புகுந்த பின்னர் மணியடிக்கும் காவலாளி போன்றது அது. இன்று அந்நோய் என்னையும் பற்றியுள்ளது. ஆயினும், விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி குருதி சில விநாடிகளில் எனக்கு அளவைச் சொல்லிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை எண்ணுந்தோறும் லேலண்ட் கிளார்க் என்னும் அறிஞரை நன்றியோடு நினைக்கின்றேன்.

கிளார்க் 1918ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரிலே பிறந்தார். அந்தியோக் கல்லூரியில் 1941இல் பட்டம் பெற்று, 1944இல் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானார். பின்னர் ஓகியோ மாநிலத்து யெலோ ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அறுவைச் சிகிச்சையின்போது நுரையீரலின் பணியை ஏற்பதற்காக, குருதியினூடே ஒட்சிசன் குமிழிகளைச் செலுத்தும் பொறியொன்றை நண்பர்களோடு அமைத்தார். ஆனால், அதுபற்றி அவர் எழுதிய கட்டுரையொன்று ஏற்கப்படவில்லை. பொறியினின்று வெளிவரும் குருதியில் ஒட்சிசன் எவ்வளவு என்று அவர் அளந்து காட்டாமையே காரணம்.

மறுப்பைக் கேட்டு மனம் வெதும்புவோர் பலர்; அம்மறுப்பையே வினாவாகக் கொள்வோர் சிலர். கிளார்க் அச்சிலருள் ஒருவர். பிளாற்றின மின்வாயால் ஒட்சிசனை அளக்கலாம் என்பது முன்னரே அறிந்த செய்தி. குருதியிலுள்ள புரதங்கள் மின்வாயிற் படிந்து அதனைக் கெடுத்தமையே இடராய் நின்றது. 1954இல் அவர் மின்வாய்கள் இரண்டையும் மெல்லிய பொலித்தீன் தாளொன்றின் பின்னே வைத்தார். ஒட்சிசன் தாளினூடே புகுந்தது. குருதி வெளியே நின்றது. இத்துணை எளியதோர் உபாயத்தால் பெருந்தடையொன்று நீங்கிற்று.

1962இல் சாம்ப் லயன்ஸ் என்பாரோடு சேர்ந்து அவர் மற்றுமோர் அடி முன்வைத்தார். குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியத்தை மென்றாள்களின் இடையே அடக்கி மின்வாயோடு இணைக்கலாம் என்றார். அந்நொதியம் ஒட்சிசனைச் செலவிட்டுக் குளுக்கோசைக் குளுக்கோனிக் அமிலமாக்கும். ஐதரசன் பேரொட்சைட்டும் உண்டாகும். ஒட்சிசனின் குறைவை அளந்தால் குளுக்கோசின் அளவு விளங்கும். உயிரின் நொதியமும் உயிரற்ற உலோகமும் கைகோத்த வேளை அது. 1975இல் இம்முறையிலமைந்த கருவி விற்பனைக்கு வந்தது.

அவ்விணைப்பின் வழியிலேயே இன்றைய ஆராய்ச்சியும் செல்கின்றது. 1970இல் ஒல்லாந்து அறிஞர் பேர்க்வெல்ட், திரான்சிற்றரின் உலோகப் படலையை நீக்கி, கரைசலிலுள்ள அயன்களே அதன் மின்னோட்டத்தை ஆளுமாறு செய்தார். பின்வந்தோர் அதன்மீது கிளார்க் தேர்ந்த அதே நொதியத்தைப் பொருத்தினர். நொதியம் தரும் அமிலத்தால் மேற்பரப்பின் மின்னேற்றம் மாற, குறைகடத்தியின் மின்னோட்டமும் மாறுகின்றது. நாகவொட்சைட்டை நனோமீற்றர்களால் அளக்கத்தக்க நுண்கோல்களாக வளர்த்தும் ஆராய்கின்றனர். நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அக்கோல்கள் சிற்றிடத்தில் பெரும் மேற்பரப்பைத் தருவன. நேரேற்றங் கொண்டு, எதிரேற்றமுடைய நொதியத்தைத் தம்பால் ஈர்த்து வைத்திருப்பன.

கிளார்க் 2005ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆந் திகதி தமது 86ஆம் வயதில் மறைந்தார். அளந்து காட்டாத உண்மை அரை உண்மையே என்பதை அவருடைய வாழ்வு எனக்கு உணர்த்துகின்றது. ஏற்கப்படாத கட்டுரையோடு சோர்ந்து நிற்கும் மாணவரைக் காணும்போதெல்லாம் அவர் கதையையே நான் கூறுவேன். என் தந்தையார் அக்கருவியைக் காணாமலே கண்மூடினார். காலையில் விரலை ஊசியாற் குத்தும்போது, அந்தச் செங்கல் நிறக் குழாய் இன்றும் என் கண்முன் தோன்றுகின்றது.