வறுமையின் வேரைக் கண்ட சான்றோர் தாதாபாய் நௌரோஜி

1825ஆம் ஆண்டு எளிய பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர் தாதாபாய் நௌரோஜி. நான்கு வயதில் தந்தையை இழந்த அவரை அன்னை மாணிக்பாய் அரும்பாடுபட்டு வளர்த்தார். கட்டணமின்றிக் கிடைத்த கல்வியே அவரைப் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியின் பேராசிரியராக உயர்த்தியது. பிறர் பொருளால் பெற்ற கல்வியைப் பிறர்க்கே பட்ட கடனாக அவர் கருதினார். பம்பாயில் பெண்களுக்குப் பள்ளிகள் தோன்றவும் உழைத்தார்.

1855இல் காமா நிறுவனத்தின் பங்காளியாக இலண்டன் சென்றார். அபினியும் மதுவும் விற்று ஈட்டும் பொருள் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. அந்நிறுவனத்தை விட்டு விலகி, பின்னர்த் தனியே பருத்தி வாணிகம் தொடங்கினார்.

இந்திய மக்கள் ஓயாது உழைத்தும் வறியவராகவே இருப்பது ஏன் என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. விதியென்றோ சோம்பலென்றோ சொல்லி அமைதியடைய அவர் ஒருப்படவில்லை. அரசின் பதிவேடுகளைக் கொண்டே விளைச்சலையும் விலையையும் கணக்கிட்டார். 1867-68இல் பிரித்தானிய இந்தியாவில் தலைக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று கண்டார். சிறைக்கைதியின் உணவுக்கும் உடைக்கும் ஆன செலவு இதனினும் மிகுதி. 1882இல் அரசு அலுவலர் தாமே கணக்கிட்டபோதும் 27 ரூபாய்க்கு மேல் காட்ட இயலவில்லை.

இதன் காரணத்தையும் அவர் தெளிவாக்கினார். உள்நாட்டில் செலவாகும் வரிப்பணம் உழவரிடமும் கைவினைஞரிடமும் மீண்டும் வந்து சேரும். ஆனால் ஆங்கில அலுவலரின் ஊதியச் சேமிப்பாகவும் ஓய்வூதியமாகவும் இலண்டன் நிர்வாகச் செலவாகவும் கடல் கடந்த பணம் மீளவில்லை. அதனால் மக்களிடம் சேமிப்பு இல்லை. சேமிப்பின்றித் தொழிலுக்கு முதல் இல்லை. தொழிலின்றி வருவாயும் பெருகவில்லை. ஓராண்டின் வறுமை மறு ஆண்டின் வறுமையை ஈன்றது.

உயர்பதவிகளை இந்தியர்க்கு அளித்தல், நாட்டின் செல்வத்தை நாட்டிலேயே நிறுத்துதல் ஆகியவற்றை அவர் வழியாகக் காட்டினார். 1892இல் ஐந்தே வாக்கு மிகுதியில் பிரித்தானியப் பாராளுமன்றத்துள் நுழைந்து அங்கும் இதனையே வாதிட்டார். 1901இல் தம் ஆய்வுகளை நூலாக்கினார். முறையீடுகள் போதிய பயன் தராமையால், 1906இல் கல்கத்தா காங்கிரஸின் தலைமையுரையில் தன்னாட்சியையே குறிக்கோளாக முன்வைத்தார். 1917இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார்.

பசித்தவர்க்கு உணவளிப்பது அறம். அவர் நாள்தோறும் பசித்திருப்பதன் காரணத்தை ஆராய்ந்து களைய முயல்வதும் அறமே என்பதற்கு அப்பெருமகனாரின் வாழ்வு சான்றாகும்.