உள்ளிருந்தா, வெளியிலிருந்தா? செடிகளைக் கேட்ட ஜெகதீஸ் சந்திரபோஸ்

விசுவமடுவில் என் பெரியம்மாவின் வளவு வேலியோரம் தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடக்கிறது. அண்மையில் அங்கு நின்றபோது, வீதியில் நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டிக் கதவு தடாரென்று விழுந்தது. பெரியம்மா சுளகைப் போட்டுவிட்டுக் குந்தி, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். 2009 ஜனவரியில் இந்த ஊரைவிட்டு முள்ளிவாய்க்கால் பக்கமாக நடந்தவர் அவர். வெளியில் ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் மனதுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு சிகிச்சை நிலையத்தில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தன் மனம் பலவீனமானது என்று அவர் அதை விளங்கிக்கொண்டிருந்தார்.

ஓர் உயிரின் அசைவுக்குக் காரணம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இந்தக் கேள்வியைச் செடிகளிடம் கேட்டவர் ஜெகதீஸ் சந்திரபோஸ்.

1858 நவம்பர் 30 அன்று, இன்று பங்களாதேஷாக இருக்கும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அரச அதிகாரியான தகப்பன் மகனை முதலில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், ஊர்ப் பிள்ளைகளோடு தாய்மொழியில் படிக்க வைத்தார். இலண்டனில் மருத்துவம் படிக்கப் போனவரை நோய் தடுத்தது. கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்துத் திரும்பி, 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கத் தொடங்கினார். வெள்ளையர்களைவிட இந்தியர்களுக்குச் சம்பளம் குறைவு. அதை ஏற்காமல் மூன்று வருடங்கள் சம்பளமே வாங்காமல் படிப்பித்தார். கடைசியில் முழு நிலுவையும் கிடைத்தது.

வானொலி அலைகளை ஆராய்ந்தபோது, தன் கருவியின் உலோகம் தொடர்ந்து வேலை செய்தால் களைப்பதையும், ஓய்வு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். அதிலிருந்து உயிருள்ளவை பற்றிய ஆய்வுக்குள் போனார். 1901இல் இலண்டனில் இதை எடுத்துச் சொன்னபோது உடற்றொழிலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். றோயல் சங்கம் அவருடைய கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது. அடுத்த வருடமே அவர் அதைப் புத்தகமாக்கினார்.

தொட்டாற்சுருங்கியில் சிக்கல் இல்லை. தொடுகிறோம், சுருங்குகிறது, காரணம் வெளியே. ஆனால் தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகள் யாரும் தொடாமலே ஏறி இறங்கும். அது உள்ளிருந்து வரும் சக்தி என்றார்கள் பலர். போஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டால் இலை மடியும் இன்னொரு சிறு செடியை மெதுவாகத் தூண்டினார், ஒருமுறை அசைந்தது. பலமாகத் தூண்டினார், தூண்டல் நின்ற பிறகும் திரும்பத் திரும்ப அசைந்தது. சக்தி வற்றி நின்றுபோன தொழுகண்ணி இலை, வெளியிலிருந்து தூண்டல் கிடைத்ததும் மறுபடி அசைந்தது. வெளியிலிருந்து வந்ததை உடல் சேமித்து வைத்துப் பிறகு வெளிவிடுகிறது என்பது அவர் முடிவு. ஞாபகத்தையும் அவர் இப்படித்தான் விளக்கினார்: பழைய தூண்டல் விட்டுச்சென்ற தடம் அது.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. செடிகளில் மின் சமிக்ஞை ஓடுவது உண்மை. விலங்குகளுக்கு இருப்பதுபோன்ற நரம்பு அவற்றுக்கு இல்லை. 1729இலேயே பிரான்சில் டி மேரான் என்பவர் இருட்டில் வைத்த செடி, வெயில் படாமலே பகலில் இலை விரித்து இரவில் மடித்ததைப் பதிவு செய்திருந்தார். அந்த மணிக்கூடு பரம்பரையாகக் கலங்களுக்குள்ளேயே இருக்கிறது என்று இன்று தெரியும். ஆக, உள்ளேயும் காரணம் உண்டு.

இன்னொன்றை நான் ஏற்கவே மாட்டேன். கண்ணாடிக்குள் பொத்தி வளர்த்த செடி கொழுகொழுவென்று இருந்தும் உணர்ச்சி மந்தமாக இருந்ததையும், அடிகள் பட்ட பிறகு அது விழித்துக்கொண்டதையும் அவர் கண்டார். மனிதரையும் துன்பத்தின் அடிகளே உருவாக்குகின்றன என்று அதிலிருந்து சொன்னார். பதுங்குகுழிக்குள் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் யாரும் அதைச் சொல்ல வேண்டாம். ஒரு செடியின் இலைக்காம்பு அதற்குச் சாட்சி ஆகாது.

1917இல் கல்கத்தாவில் தன் பெயரில் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். ஒருகாலத்தில் கட்டுரையை நிறுத்தி வைத்த றோயல் சங்கம், 1920இல் அவரை அங்கத்தவராக்கியது. 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார்.

இதையெல்லாம் பெரியம்மாவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். உள்ளே இருப்பது உண்மைதான், ஆனால் அது வெளியிலிருந்து வந்து உள்ளே தங்கியது என்றேன். அப்போ நான் பலவீனக்காரி இல்லைத்தானே தம்பி என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு, அந்த முட்செடி ஆட்டுக்குட்டியின் காலைக் கிழிக்கிறது, போகமுதல் வெட்டிவிட்டுப் போ என்றார்.