மழைப் பிரார்த்தனையும் மகேந்திரவர்மனும்

மழை பொய்த்த காலத்தில் வானத்தை நோக்கிக் கை கூப்புவது நம் நாட்டு ஜனங்களின் தொன்றுதொட்ட வழக்கம். அதில் குற்றம் காண்பார் எவருமிலர். ஆனால் 2019-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவ்வழக்கம் சர்க்கார் உத்தரவாகவே வெளிவந்தது. மழை வேண்டி வருண ஜபமும் யாகமும் செய்யவும், நந்தியின் கழுத்தளவு ஜலம் நிரப்பி வழிபடவும், அமிர்தவர்ஷிணி முதலிய ராகங்களை நாதஸ்வரத்தில் வாசிக்கவும் வேண்டுமென்று தமிழ்நாட்டு அறநிலையத் துறைக் கமிஷனர் முக்கியமான கோயில்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். ஜூன் மாதத்தில் சென்னைக்கு நீரளிக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அநேகமாக வறண்டு போயின. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் ஏற்றிவர நேர்ந்தது. தெய்வ பக்தியும் பிரஜைகளிடத்து அன்பும் உடைய ஓர் அரசு வறட்சியை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடுவோர், சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் தொண்டைமண்டலத்தை ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுடைய சரித்திரத்தைச் சற்றே நோக்குதல் நலம்.

மகேந்திரவர்மன் சிம்மவிஷ்ணுவின் புதல்வன். காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு சுமார் கி. பி. 600 முதல் 630 வரை அரசு புரிந்தான். குணபரன், சத்துருமல்லன், மத்தவிலாசன், லலிதாங்குரன், விசித்திரசித்தன் என்று அவன் பூண்ட விருதுகள் பல. புதியன காண்பதில் ஓயாத வேட்கையுடையவனாதலின், விசித்திரசித்தன் என்னும் விருது அவனுக்கு மிகவும் பொருந்தும்.

செஞ்சிச் சீமையிலுள்ள மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் அதற்குச் சாட்சி. அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கும் ஒரு கோயில் எடுத்தான். செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அதை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்துடன் தெரிவிக்கிறது. அந்நாள்வரை மரத்தாலும் சுதையாலும் எழுந்து காலத்தால் அழிந்த கோயில்களுக்கு மாறாக, அழியாத கல்லில் ஆலயம் செய்யும் முறையைத் தொண்டைநாட்டில் அவன் தொடங்கிவைத்தான். தளவானூர், சீயமங்கலம், பல்லாவரம், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களிலும் அவன் குடைவித்த கோயில்கள் இன்றும் நிற்கின்றன.

அவனது வாழ்வு அமைதியில் கழிந்ததன்று. வாதாபிச் சளுக்க மன்னன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். பல்லவன் காஞ்சிக் கோட்டைக்குள் ஒடுங்கினான் என்று சளுக்கரின் ஐகோளெ சாசனம் கூறுகிறது. ராஜ்யத்தின் வடபகுதி கைவிட்டுப் போயிற்று. இத்தகைய போர்களுக்கிடையிலும் அவன் மத்தவிலாசப் பிரகசனம் என்ற வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றினான். கபாலிகரும் பௌத்த பிக்ஷுவும் தம் நெறி தவறித் திரிவதை அதில் நையாண்டி செய்தான். சமயக் கோலத்தை அணிந்தவரெல்லாம் சமயத்தை உடையவராகார் என்பதை ஆளும் மன்னனே நாடகமாக்கியது நினைக்கத்தக்கது.

அதனால் அவன் நாஸ்திகனென்று எவரும் மயங்க வேண்டாம். வேறு நெறியிலிருந்து திரும்பிச் சிவலிங்க வழிபாட்டை மேற்கொண்டதைத் திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டு குறிக்கிறது. திருநாவுக்கரசரை முதலில் துன்புறுத்திப் பின் சைவம் சார்ந்தவனாகப் பெரிய புராணம் கூறும் பல்லவ மன்னன் இவனே என்பது அறிஞர் பலரின் கொள்கை.

இத்தகைய பக்தன் தண்ணீருக்குச் செய்தது யாது? சோளிங்கபுரத்துக்கு அருகே மகேந்திரவாடி என்றோர் ஊர் உண்டு. அங்கே ஒரு தனிப்பாறையைக் குடைந்து விஷ்ணுவுக்குக் கோயில் செய்தான். மகேந்திரபுரம் என்னும் பெருநகரில் மகேந்திர தடாகத்தின் கரையில் குணபரன் அமைத்தது இக்கோயில் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. தெய்வத்துக்கு ஆலயம், குடிகளுக்கு ஏரி. இரண்டும் ஓரிடத்தில், ஒரே அரசனுடைய பெயரால் விளங்கின. மாமண்டூரிலுள்ள சித்திரமேகத் தடாகமும் அவனுடையதே என்று கருதுவோர் பலர்.

இதன் அருமையை அறியத் தொண்டைநாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். இங்கே வற்றாத ஜீவநதி கிடையாது. பாலாறும் செய்யாறும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடப்பன. மழையோ சில வாரங்களில் கொட்டி ஓடிவிடும். அதைக் கரை கட்டித் தேக்கி, மதகு வைத்து, ஓர் ஏரியின் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு அமைத்தாலன்றி வேளாண்மை இல்லை. மழை பெய்வது மனிதன் வசத்தில் இல்லை. பெய்த மழையைக் காப்பது அவன் வசத்தில் உண்டு. அரசனுடைய கடமை இங்கேதான் தொடங்குகிறது.

மகேந்திரவர்மன் வழிவந்தோரும் இதை மறக்கவில்லை. பரமேசுவரவர்மன் காலத்தில் கூரத்து ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டப்பட்டது. ஏரிகளைப் பழுதுபார்க்க ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கினர். பின்னர்ச் சோழர் காலத்தில் உத்தரமேரூர்ச் சபை குடவோலையால் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்ததை 919, 921-ம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் காட்டும். தூர் எடுப்பதும் கரை உயர்த்துவதும் ஆண்டுதோறும் நிகழ வேண்டிய காரியங்கள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டென்பது சர்க்கார் கணக்கு. அவற்றுள் எத்தனை தூர்ந்தன, எத்தனை வரத்துக் கால்வாய்கள் ஆக்கிரமிக்கப்பட்டன என்பதைக் கிராமத்தார் நன்கு அறிவர். 2017-ல் குடிமராமத்துத் திட்டத்தை அரசே மீண்டும் தொடங்கியது நல்ல காரியம். அது காட்டிய வழியில் ஒவ்வோர் ஆண்டும் இடைவிடாது உழைப்பதே தேவை.

ஜனங்கள் பிரார்த்திக்கட்டும், அது அவர்கள் உரிமை. அதற்கு உத்தியோகஸ்தருடைய உத்தரவு வேண்டியதில்லை. உத்தியோகஸ்தர் உத்தரவிட வேண்டிய வேலைகள் ஏரிக்கரையில் காத்துக் கிடக்கின்றன. வருண ஜபத்துக்கு நாள் குறிப்போர், தூர் எடுக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் நாள் குறித்தனரா என்று ஊர்தோறும் கேட்பது பொதுஜன ஊழியர்களின் கடமை. கோயிலின் அருகிலேயே ஏரியையும் வைத்துப் போற்றிய மன்னனின் நாட்டில் பிறந்த நாம் இக்கேள்வியைக் கேட்கத் தயங்கலாகாது.