அறிஞர் போக்லந்துப் பிரபு

இங்கிலாந்தின் சரித்திரத்தைக் கல்லூரியிற் கற்றோர் முதலாம் சாள்சு மன்னரையும் குரொம்வெலையும் மறந்திரார். ஒருவர் முடியோடு தலையும் இழந்தார். மற்றவர் முடியின்றியே நாடாண்டார். அவ்வுள்நாட்டுப் போரின் இரண்டாம் ஆண்டிலேயே மாண்டுபோன ஒருவரையோ, பரீட்சைக்கு வேண்டாதவர் என்று பாடநூல்கள் ஒரு வரியிலே தள்ளிவிடுதல் வழக்கம். அவரே லூசியசு கேரி என்னும் இயற்பெயருடைய இரண்டாவது போக்லந்துப் பிரபு. மன்னர் பக்கம் நின்று மடிந்தவர். ஆயினும் மன்னர் செய்தன யாவும் நன்றென ஒருநாளும் கொள்ளாதவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றாம்.

அவர் 1610 ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போட் மாகாணத்துப் பேபோட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி கேரி 1622 முதல் 1629 வரை அயர்லாந்தில் மன்னரின் பிரதிநிதியாயிருந்தவர். அதனால் மைந்தர் டப்ளின் நகரத்துத் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்றார். தாயார் எலிசபெத்து பன்மொழி வல்லவர். 1613 இல் அவர் எழுதிய நாடகமொன்று அச்சேறிற்று. நீதிபதியாயிருந்த தாய்வழிப் பாட்டனார் தம் மகளையும் மருமகனையும் விடுத்துத் தம் நிலபுலங்களைப் பெயரனுக்கே எழுதி வைத்தார். இவ்வாற்றால் லூசியசு இளமையிலேயே ஆண்டொன்றுக்கு 2,000 பவுணுக்கு மேல் வருவாயுள்ள நிலக்கிழாராயினர்.

செல்வம் கைவந்ததும் அவர் செய்த முதற் காரியம், உயிர்த்தோழராயிருந்து இளமையிலேயே இறந்த ஹென்றி மொறிசனின் தங்கை லெற்றிசு என்னும் நங்கையை மணந்தமையாம். அந்நங்கைக்குச் சீதனமில்லை. கடன்பட்டிருந்த தந்தையார் கடுஞ்சினங் கொண்டார். சீதனத்தின் பொருட்டுத் தந்தையும் மைந்தரும் மனம் வேறுபடுதல் எத்தேயத்துக்கும் பொதுவெனத் தோன்றுகிறது! தம் ஆதனமனைத்தையும் தந்தைக்கே ஒப்புவிக்க மைந்தர் முன்வந்தும் தந்தையார் இணங்கிலர். மனமுடைந்த இளைஞர் ஒல்லாந்து சென்று படையிற் சேர முயன்றார், இடங் கிடைத்திலது. மீண்டு வந்து நூல்களிடையே புகுந்தார். கிரேக்க மொழியைச் செவ்வனே கற்று முடிக்குங்காறும், தாம் பெரிதும் விரும்பிய இலண்டன் நகரை மிதியேன் என்று உறுதி பூண்டார். 1633 இல் தந்தையார் இறக்கப் பிரபுப் பட்டம் அவரைச் சார்ந்தது.

ஒக்ஸ்போட் நகருக்கு வடக்கே அவருடைய கிரேற் ரியூ என்னும் மாளிகை இருந்தது. அவரை மறவாதிருத்தற்கு அம்மாளிகை ஒன்றே போதும் என்பது எமது துணிபு. ஒக்ஸ்போட்டிலிருந்து புலவர்கள் குதிரையேறி வருவர், முன்னறிவித்தல் வேண்டியதில்லை. அவரவர்க்கு அறையும் நூல்களும் ஆயத்தமாயிருக்கும். யார் வந்தார், யார் சென்றார் என்பதை வீட்டுத் தலைவரே இரவுணவின் போதுதான் அறிவார். சில்லிங்வேத்து என்பார் அங்கிருந்த நூல்நிலையத்தின் துணைகொண்டே 1638 இல் வெளிவந்த தமது பெயர்பெற்ற சமய நூலை எழுதினார். பிற்காலத்தில் கந்தர்பரிப் பேராயராகிய செல்டனும், கிளாரெண்டன் பிரபுவாகிய எட்வேட் ஹைட்டும் அவ்வுணவு மேசையைச் சூழ்ந்திருந்தோரே. சமயக் கொள்கையின் பொருட்டு மனிதர் ஒருவரையொருவர் சிறையிலிட்ட காலம் அது. ஆண்டு, எவ்வினாவையும் எவரும் எழுப்பலாம். மாறுபட்டவரும் கோபமின்றி எழுந்து போவர்.

இப்பொறுமை அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. தாயார் கத்தோலிக்க சமயம் புகுந்தவர். 1636 இல் கிரேற் ரியூவில் வளர்ந்துவந்த இளைய மைந்தர் இருவரைத் தமையனார் அறியாமல் இரகசியமாக வெளியேற்றிக் கடல்கடந்து அனுப்பிவிட்டார். தம் வீடே பிளவுண்டதைக் கண்ட பின்னரும் போக்லந்து உரோமச் சபையின் கொள்கைகளை எழுத்தில் மறுத்தாரேயன்றி அதனைச் சார்ந்தோரை வெறுத்தாரல்லர்.

1640 இல் அவர் பொதுமக்கள் சபைக்குத் தெரிவாயினர். அவருடைய பிரபுப் பட்டம் ஸ்கொத்லாந்துக்குரியதாதலின் அச்சபையில் அமர்தற்குத் தடையிருக்கவில்லை. குறுகிய உருவமும் இனிமையற்ற குரலும் உடையவர். வாய் திறந்தபின் அவற்றை எவரும் நினைத்திலர். பாராளுமன்றத்தின் சம்மதமின்றி மன்னர் அறவிட்ட கப்பல் வரியைச் சட்டமென நாட்டிய நீதிபதிகளை அவர் கடுமையாகச் சாடினார். மன்னரின் வலக்கையாய் விளங்கிய ஸ்ராபோட் பிரபுவுக்கு மரணதண்டனை விதிப்பதையும் ஆதரித்தார். மேற்றிராணிமாரின் செருக்கைக் கண்டித்த அவரே, அப்பதவியை வேரோடு களைய மற்றையோர் எழுந்தபோது தடுத்து நின்றார். 1641 கார்த்திகையில் மன்னர்மீது குற்றங்களை அடுக்கிய பெருமுறையீடு 148 இற்கெதிராக 159 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்தோருள் அவரும் ஒருவர். கட்சி மாறினார் என்று தூற்றினார் பலர். அவர் நின்ற இடத்திலேயே நின்றார் என்றும், சபையே அவரைக் கடந்து சென்றதென்றும் யாம் கருதுகின்றோம்.

1642 தை மாதத்தில் மன்னர் அவரை இராச்சியக் காரியதரிசியாக்கினார். அவர் விரும்பி ஏற்றாரல்லர். ஹைட்டின் வற்புறுத்தலுக்கு இணங்கினார். ஒற்றரை ஏவுதலும், ஐயத்தின் பேரிற் பிறர் கடிதங்களைப் பிரித்தலும் அப்பதவிக்குரிய தொழில்கள். அவை இரண்டும் தமக்கு ஒவ்வாவென்று அவர் விலக்கினார். இத்தகையவர் காரியதரிசிப் பதவிக்குத் தகுந்தவரல்லர் என்று கூறுவோரை யாம் மறுக்கமாட்டோம். போர் மூண்ட பின்னரும் புரட்டாதியில் மன்னரின் சமாதானத் தூதை அவரே பாராளுமன்றத்துக்குக் கொண்டு சென்றார். பயனில்லை. ஐப்பசி 23 இல் எட்ஜ்கில் என்னுமிடத்தில் நிகழ்ந்த சமரில், படைக்கலத்தை எறிந்துவிட்ட பகைவரைக் காக்கவே அவர் இடையே புகுந்தார்.

அதன்பின் அவர் பழைய போக்லந்து அல்லர். ஆடையிற் கவனமுடையவர் அதனை மறந்தார், இன்முகமுடையவர் வந்தோரிடம் சினந்து பேசினார், உறக்கம் நீங்கிற்று. நண்பரிடையே அமர்ந்திருக்கும்போதும் நெடுமூச்செறிந்து சமாதானம் சமாதானம் என்றே அரற்றுவார். 1643 ஆவணியில் மன்னர் படை குளொஸ்ரர் நகரை முற்றுகையிட்டபோது, பதுங்கு குழிகளில் ஆபத்தான இடங்களைத் தேடிச் சென்றார். தடுத்த நண்பருக்கு, சமாதானத்தை விரும்புபவன் அச்சத்தினால் விரும்புகிறான் என்று பிறர் எண்ணாதிருத்தற்காகத் தாம் மற்றையோரினும் துணிதல் வேண்டுமென்று விடை கூறினார்.

புரட்டாதி 20 ஆம் நாள் நியூபெரிச் சமர். அன்று காலை தூய சட்டையொன்றை வருவித்து அணிந்தார். பைரன் என்னும் தளபதியின் குதிரைப்படையில் தாமாகவே சேர்ந்தார். வேலியில் ஒரு குதிரை மட்டுமே நுழையத்தக்க இடைவெளி. அப்பாற் பகைவரின் துப்பாக்கிகள். பைரனின் குதிரை சுடப்பட்டு நின்றது. அவர் இடைவெளியை அகலமாக்க ஆணையிட்டுக்கொண்டிருக்கையில் போக்லந்து தம் குதிரையை முடுக்கித் தனியே உட்புகுந்தார். குதிரையும் வீரரும் ஒருங்கே வீழ்ந்தனர். மறுநாளே உடல் கண்டெடுக்கப்பட்டுக் கிரேற் ரியூவில் அடக்கஞ் செய்யப்பட்டது. வயது முப்பத்து மூன்று.

இம்மரணம் வீரமா, தற்கொலையா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹொறேசு வால்போல் அவரை எள்ளி எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்தியூ ஆனல்ட் போற்றி எழுதினார். எமக்கோ இரண்டும் முழுமையாக ஒப்பவில்லை. மனைவியும் சிறு புதல்வரும் வீட்டிலிருக்க அங்ஙனம் பாய்ந்தது தவறே என்போம். ஆயினும் உணவு மேசையில் ஒருங்கிருந்தவர்கள் களத்தில் எதிரெதிர் நிற்கக் கண்டவருக்கு எப்பக்கத்து வெற்றி இனித்திருக்கும்?

1878 இல் நியூபெரியில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பினர். அதற்கு நெடுங்காலம் முன்னரே வேறொன்று எழுந்துவிட்டது. மன்னர் படை தோற்றபின் ஹைட்டு ஜேர்சித் தீவில் ஒதுங்கியிருந்து போரின் சரித்திரத்தை எழுதினார். நியூபெரிச் சமரை எழுதிவருகையில் அவருடைய எழுதுகோல் படைகளை விட்டு நீங்கிற்று. கிரேற் ரியூவின் உணவு மேசையையும் அதன் தலைவரையும் பற்றிப் பல பக்கங்கள் எழுதிய பின்னரே அவர் போருக்கு மீண்டார்.